ஏற்றுச்சொல்

சுந்தரதாஸும் வில்பிரட்டும் சண்டை போடாத நாள் ஒன்றைப் பொழியூர்க் கடற்கரையில் யாரும் கண்டதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்வந்தவர்கள். வள்ளம் வில்பிரட்டுடையது, வாய் சுந்தரதாஸுடையது. வலையை எங்கே விடுவது, எஞ்சினை எப்போது அணைப்பது, சாளை வருகிற தண்ணீருக்கு என்ன நிறம் என்று கரையில் தொடங்குகிற வாக்குவாதம் கடலில் வளர்ந்து, திரும்பி வந்து சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அடங்கும். அடங்கியதும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். இரண்டு பேரும் ஒரு நாள் பேசாமல் வந்தால் வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று அர்த்தம்.

அப்படி ஒரு சண்டையில்தான், ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், எஞ்சினைச் சுந்தரதாஸ் பழுது பார்க்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் என்ற கோபத்தில், "நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதியாக்கும் லே" என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி வில்பிரட் கத்தினார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சுந்தரதாஸும் சிரித்தார். மறுநாள் காலையில் சுந்தரதாஸ் செத்துப்போனார்.

நன்றாக விடிந்திருக்கவில்லை. கரைக்கும் கடலுக்கும் நடுவே மழை திரை போட்டிருந்தது. வில்பிரட், சுந்தரதாஸ், வில்பிரட்டின் மகள் ஜெனிஸைக் கட்டிய சஜு, இந்த மூன்று பேரும் கொஞ்சம் நெத்தோலியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் சஜுவின் கையில் இருந்தது. வள்ளத்தின் முன்தலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுந்தரதாஸ் நின்றார். அப்போதுதான் கள்ளக்கடல் எழும்பியது. காற்றும் இருக்காது, கொந்தளிப்பும் இருக்காது. எங்கேயோ தூரத்துக் கடலில் அடித்த புயலின் மிச்சம் சொல்லாமல் கொள்ளாமல் இந்தக் கரையில் வந்து ஏறும். அலை பின்னாலிருந்து வள்ளத்தைத் தூக்கிச் சரித்தது. சுந்தரதாஸ் தண்ணீரில் விழுந்தார். விழுந்தவர் தலையைத் தூக்கிய நேரம் பார்த்து வள்ளத்தின் விளிம்பு அவருடைய பிடரியில் வந்து இறங்கியது. வில்பிரட் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினார். கரையில் நின்றவர்கள் கண்டது மழைக்குள்ளிருந்து ஒருத்தர் இன்னொருத்தரை இழுத்துக்கொண்டு வருவதை மட்டும்தான். பாறசாலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போயிருந்தது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஏற்றுச்சொல் என்பார்கள். வள்ளத்தில் போனவன் பிணமாக வந்தால், அடக்கம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வள்ளக்காரன் பள்ளி என்கிற தேவாலயத்தின் முற்றத்தில் கொடிமரத்தின் கீழே வந்து நிற்க வேண்டும். கரைக்கு மூத்தவரான மூப்பன், சின்னப் பிள்ளைகளையும் வெளியாட்களையும் வெளியே அனுப்பிவிட்டு, 'இந்த உயிர் யார் கையால் போனது' என்று கேட்பார். வள்ளக்காரன் 'என் கையால்' என்று சொல்ல வேண்டும். கேள்வி மூன்று தடவை வரும். நடுவில் மூப்பன், 'நல்லா யோசித்துக்கொள், சொன்னால் சொன்னதுதான், மனமில்லை என்றால் இப்போதே போய்விடு' என்று பயமுறுத்திப் பார்ப்பார். அசையாமல் மூன்று தடவையும் சொன்னவனுக்குச் செத்தவனின் பெண்டாட்டி ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பாள். அவன் அதைக் குடித்துவிட்டால் முடிந்தது. அன்றைக்குத் தொடங்கி, பிள்ளைகள் தலையெடுக்கிற வரைக்கும், செத்தவனுடைய பங்கு மீன் அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் சொன்னவன் பிறகு எங்கே, யார் கேட்டாலும் அதையேதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் பங்கு அறுந்துபோகும். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கிற உரிமை அந்தப் பெண் ஒருத்திக்கு மட்டும்தான்.

பள்ளியின் பாதிரியாரான அச்சனுக்கு இந்த வழக்கம் பிடிக்காது. செய்யாத கொலையை ஏற்பது என்ன நியாயம் என்று ஒருமுறை அவர் கேட்டபோது, கடல் பங்கு தராது, மனிதன்தான் தர வேண்டும் என்று மூப்பன் பதில் சொன்னாராம். அதற்குப் பிறகு அச்சன் அந்த நேரத்தில் கண்ணில் படாமல் உள்ளேயே இருந்துகொள்வார்.

வில்பிரட் கொடிமரத்தின் கீழே நின்றார். மூன்று தடவையும் சொன்னார். சுந்தரதாஸின் மனைவி ரத்னபாய் தண்ணீர் கொடுத்தாள். வில்பிரட் செம்பை வாங்கிக் குடித்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி அகஸ்டினா போட்டுவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அப்படியே இருக்க, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவரும் சஜுவும் மட்டும் கடலுக்குப் போனார்கள். வந்ததும் முதல் பங்கைப் பிரித்து ரத்னபாய் வீட்டுக்கு அனுப்பினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. கெட்ட நேரம், சுந்தரதாஸின் தம்பி துபாயில் இருந்தான். பன்னிரண்டு வயதில் மங்களூருக்கு வலை வேலைக்குப் போனவன், அப்படியே அக்கரைக்குப் போய்விட்டான். ஏற்றுச்சொல் நடக்கும்போதெல்லாம் பிள்ளைகளோடு பிள்ளையாக வெளியே துரத்தப்பட்டவனுக்கு அதைப்பற்றி என்ன தெரியும்? போனில் யாரோ இரண்டு விஷயத்தைச் சொன்னார்கள். முதல் நாள் வில்பிரட் கத்தியது ஒன்று, கொடிமரத்தின் கீழே சொன்னது இன்னொன்று. அண்ணனைக் கொன்றவன் ஊரறியச் சொன்ன பிறகும் மீன் பிடித்துக்கொண்டு திரிகிறானே என்று அவனுக்கு ரத்தம் கொதித்தது. அண்ணன்மேல் பாசமுள்ளவன்தான். மேலிடம் வரைக்கும் புகார் எழுதினான். பிரேதப் பரிசோதனையில் பிடரியில் பலமான அடி என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் வடக்கே இருந்து வந்தவர், புதுசு. பழைய போலீஸ்காரர்கள் இரண்டொருவருக்கு இந்த வழக்கம் தெரியும். அவர்கள் மாறுதலாகிப் போயிருந்தார்கள். கேட்டதும் 'என் கையால்' என்று ஒருத்தர் சொன்னால் எந்த இன்ஸ்பெக்டருக்குத்தான் கசக்கும்? எதால் அடித்தாய், துடுப்புத் தண்டாலா என்று அவர் கேட்டார். 'என் கையால்' என்றே வில்பிரட் திரும்பவும் சொன்னார். வள்ளம் சரிந்து அடித்தது என்று சஜு தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மருமகன் வேறு என்ன சொல்வான் என்று எழுதிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள். மூப்பன் ஸ்டேஷன் வரைக்கும் போய், வெளியாட்களிடம் அதைச் சொல்வது வழக்கமில்லை என்று வாசலிலிருந்தே திரும்பி வந்துவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

வாக்குமூலம் எழுத வில்பிரட்டை நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கு வழக்கமாக இருக்கிற மஜிஸ்திரேட் லீவு. பொறுப்பு ஆர்யா என்ற இளம் மஜிஸ்திரேட்டுக்கு. அவருடைய அம்மா வீடு களியக்காவிளைப் பக்கம் என்பதால் தமிழ் நன்றாகவே வரும். அதுவும் வில்பிரட்டுக்குக் கெட்ட நேரம்தான். மொழி தெரியாத மஜிஸ்திரேட்டாக இருந்திருந்தால் நடுவில் ஒருத்தர் பெயர்த்துச் சொல்லியிருப்பார். அந்தக் குழப்பத்திலாவது ஏதாவது பிடிபட்டிருக்கும்.

ஆர்யா முதலில் போலீஸ்காரர்களை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். யாராவது அடித்தார்களா, பயமுறுத்தினார்களா என்று கேட்டார். பிறகு, நான் போலீஸ் இல்லை, மஜிஸ்திரேட், நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிராகவே நிற்கும், ஆயுள் வரைக்கும் சிறை போக நேரிடும் என்று ஒவ்வொன்றாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்கு மேலும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார் வில்பிரட். அப்படியென்றால் இன்றைக்கு வேண்டாம், போய் யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று சப் ஜெயிலுக்கு அனுப்பினார்.

வில்பிரட்டுக்கு அன்றைக்கு மனசு லேசாகிவிட்டது. வெளியாட்களை அனுப்பியது, கதவைச் சாத்தியது, பயமுறுத்திப் பார்த்தது, யோசிக்கச் சொன்னது, எல்லாம் மூப்பன் செய்வதுதான். சர்க்காரிலும் இது உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வயதாகியும் கோர்ட் வாசலை மிதிக்காத மனிதர். மூன்று தடவை அசையாமல் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஜெயிலில் பக்கத்தில் படுத்திருந்தவனிடம் சொன்னாராம். அவன் பைக் திருட்டில் வந்தவன். கோர்ட்டைப் பற்றித் தெரிந்தவன்தான், சிரித்துவிட்டுப் போர்த்திக்கொண்டான்.

மறுநாள் ஆர்யா மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். சுந்தரதாஸ் எப்படி இறந்தார் என்று கேட்டார். வில்பிரட் சொன்னார்.

"எனக்க கையால."

"கையாலண்ணா? அடிச்சீங்களா? எதால?"

இந்தக் கேள்வி கொடிமரத்தின் கீழே வராது. வில்பிரட் முழித்தார். பதில் சொல்லாவிட்டால் ஏற்றது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. நாளைக்கு ரத்னபாயிடம், வில்பிரட் சர்க்காரின் முன்னால் இடறிவிட்டான் என்று யாராவது சொன்னால்? அவருக்குக் கிடைத்தது இன்ஸ்பெக்டர் சொன்ன வார்த்தைதான்.

"தண்டு வச்சு," என்றார்.

ஆர்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். இத்தனை அமைதியாக ஒருத்தர் கொலையை ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை. எங்கேயோ எதுவோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஏன் இதைச் சொல்கிறீர்கள், யாரையாவது காப்பாற்றவா என்று கேட்டார். இல்லை, பறயவேண்டியது எனக்க கடமை என்றார் வில்பிரட். சட்டம் கேட்கச் சொன்னதை எல்லாம் ஆர்யா கேட்டு முடித்திருந்தார். மேலே அவர் சொன்னது அவராகச் சொன்னது.

"நோக்குங்க, இப்பமும் வேண்டாம்ணு தோணினா நிறுத்திரலாம். நான் போலீஸுகிட்ட திருப்பி விடமாட்டேன். உறப்பாட்டும், கண்டிப்பா சொல்லணுமா?"

மூன்றாவது தடவை. வில்பிரட் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"எனக்க கையாலயாக்கும்," என்றார்.

எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, இது அவராக மனமுவந்து சொன்னது என்று நம்புகிறேன் என்று கீழே தன் கையால் எழுதி ஆர்யாவும் கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்த பிறகும் வில்பிரட் போகவில்லை. கையைக் கட்டியபடி நின்று மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மூடிவைத்திருந்தது. பாவம், தாகம் போலிருக்கிறது என்று நினைத்த ஆர்யா, எழுந்து தன் கையாலேயே அதை எடுத்து நீட்டினார். வில்பிரட் இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாறேன் அம்மா என்று கும்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். வெளியே நின்ற போலீஸ்காரர் அவருடைய கையைப் பிடித்தபோது, எதற்கு என்று அவரைத் திரும்பிக் கேட்டார்.

இதெல்லாம் அகஸ்டினாவுக்குத் தெரியவந்தது வக்கீல் ஷீனா சொல்லித்தான். இலவச சட்ட உதவியில் அவர்களுக்குக் கிடைத்த வக்கீல். வேலைக்குப் புதுசு, ஆனால் ஓடியாடிச் செய்கிற பெண். போலீஸிடம் சொன்னதென்றால் காற்றில் போய்விடும் சேச்சி, மஜிஸ்திரேட்டிடம் சொன்னது நிற்கும் என்று அவள் விளக்கினாள். ஜாமீன் கொடுக்க இந்தக் கேஸில் மஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கிடையாது, அது மேலே செஷன்ஸ் கோர்ட்டில் கேட்க வேண்டும் என்றாள். கேட்டார்கள். அந்த வாக்குமூலத்தைக் காட்டியே தள்ளிவிட்டார்கள். பின்னே மஜிஸ்திரேட்டுக்கு எதற்குத்தான் அதிகாரம் என்று அகஸ்டினா கேட்டாள். கேட்கவும் எழுதவும் மேலே அனுப்பவும் என்றாள் ஷீனா.

சப் ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் வில்பிரட் மெலிந்துபோய் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. கடலைப் பார்க்காமல் இத்தனை நாள் அவர் இருந்ததில்லை.

"பள்ளியில பறயது கையாலண்ணு மட்டும்தானே. தண்டு எங்க இருந்து வந்து?" என்று அகஸ்டினா கேட்டாள்.

"அந்தப் பிள்ள எதாலண்ணு கேட்டுது. நம்ம மூப்பன் அங்ஙன கேக்கமாட்டாரு. நான் மிண்டாம நிண்ணா, ஏத்தது பொய்யாயிரும்லா."

"அடிக்காத்த ஆள அடிச்சேண்ணு பறஞ்சிட்டு நிக்குதிய. சுந்தரதாஸண்ணன் மேல இருந்து பாத்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவனுக்க வாய் எப்பமும் அப்படித்தான்." வில்பிரட் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "முடியப் பிடிச்சுத்தான் இழுத்தேன் பிள்ளே. இந்தக் கையில அவனுக்க முடி இப்பமும் இருக்க மாதிரி இருக்கு."

அகஸ்டினா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஷீனா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். மாற்றிச் சொல்ல வழி உண்டு, ஜெயிலரிடம் எழுதிக் கொடுத்தால் போதும், நாளாக ஆக அதற்கு மதிப்புக் குறையும், அதனால் இன்றைக்கே கொடுக்க வேண்டும்.

"மாத்தினா ரத்னபாய்க்குப் பங்கு போவும்."

"பங்கா? வள்ளத்தப் போலீசு லாரியில ஏத்திக் கொண்டுபோயாச்சு. தண்டும் எஞ்சினும் வலையும் எல்லாம் போச்சு. கொல நடந்த எடமாம், வள்ளம். ஸ்டேஷன் முற்றத்துல மழ வெள்ளம் நெறஞ்சு கெடக்கு. இதுல எங்க இருந்து பங்கு?"

வில்பிரட்டுக்கு அது தெரியாது. சஜு கடலுக்குப் போய்க்கொண்டிருப்பான், பங்கு போய்க்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். வார்டர் நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

"வள்ளம் இண்ணைக்கு இல்லேண்ணா நாளைக்கு வரும். பறஞ்சது போனா வராது," என்றார். "ரத்னபாய்க்க பிள்ளையள் பட்டினி கெடக்கப்பிடாது. நீ எதாவது செய்யி."

எதைச் செய்ய? அகஸ்டினா மீன் விற்கப் போகிற அலுமினியச் சருவத்தை எடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டிருந்த தொழில். விடிவதற்கு முன்னால் ஏலத்தில் அடுத்தவன் வள்ளத்து மீனை எடுத்து, சருவத்தைத் தலையில் வைத்து, பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று முகம் சுளிக்கிற கண்டக்டரிடம் கெஞ்சி, பாறசாலையிலும் குன்னத்துகாலிலும் வீடு வீடாக நடந்தாள். ஆடி மழையில் ரப்பர் தோட்டத்துச் சரிவுகள் வழுக்கின. கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. ஏலத்தில் எடுத்ததில் ஒரு கூறு, சாளையோ அயிலையோ எதுவானாலும், விற்கப் புறப்படும் முன்னால் ரத்னபாய் வீட்டு வாசலில் சேம்பிலையில் வைத்துவிட்டுப் போவாள். கூப்பிடமாட்டாள். வில்பிரட்டின் வள்ளத்து மீன் அது இல்லை என்பது ரத்னபாய்க்கும் தெரியும்.

ரத்னபாய் வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். கொழுந்தன் துபாயிலிருந்து தினமும் கூப்பிட்டான். அண்ணி பயப்படவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், அவனைத் தூக்கில் போடாமல் விடமாட்டேன் என்பான். அது வழக்கம் என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உங்களை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவன் அழுதான். பாரத்தை இறக்கிவைத்தால் வில்பிரட் வெளியே வரலாம், ஆனால் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே பிடியும் போய்விடும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு காலையில் அகஸ்டினா சேம்பிலையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ரத்னபாய் கதவைத் திறந்து நின்றாள். பார்வை அகஸ்டினாவின் காலில் இருந்தது.

"இது எதுக்கு அக்கா வைக்குதிய? வள்ளம் இல்லாம பங்கு ஏது?"

"அவரு பறஞ்சு விட்டாரு."

"ஜெயிலுல கெடந்துட்டா?"

"அங்க கெடந்துட்டுத்தான்."

ரத்னபாய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் எனக்க பிள்ளையள ஓர்த்தாக்கும் மிண்டாம இருந்தேன். வில்பிரட்டண்ணன் எப்படியும் வந்திரும்ணு நெனச்சேன். நம்ம ஆளு ஒண்ணும் செய்யல்லேண்ணு அவங்களுக்குத் தெரியாமலா போவும்ணு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் அகஸ்டினா. சருவத்தைத் தலைக்கு ஏற்ற அவளால் முடியவில்லை. ரத்னபாய்தான் எழுந்து ஒரு கை கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், ரத்னபாய் கொடிமரத்தின் கீழே போய் நின்று மூப்பனைக் கூப்பிட்டாள். இறக்கிவைக்கிறேன் என்றாள். இப்படி ஒருத்தி செய்ததை அங்கிருந்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. பங்கு போகும் பிள்ளை என்று மூப்பன் சொன்னார். போகட்டும் என்றாள். அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, மறுநாளே ஷீனாவோடு ஸ்டேஷனுக்கும் போனாள். இன்ஸ்பெக்டர் அவளை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் கடலில் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். கடலில் இருந்தவரே சொன்னதை மஜிஸ்திரேட் எழுதி வைத்திருக்கிறாரே அம்மா என்றார்.

ரிமாண்ட் நீட்டிக்கிற நாளில் கைதிகளை ஜெயிலிலிருந்தே வீடியோவில் காட்டுவதுதான் இப்போது வழக்கம். அன்றைக்கு மழையில் நெட் போய்விட்டதால் நேரில் கொண்டுவந்தார்கள். வழக்கமாக இருக்கிற மஜிஸ்திரேட்டின் லீவு நீண்டுகொண்டே போனதில், நாற்காலியில் ஆர்யாதான் இருந்தார். கோர்ட் வராந்தா முழுக்க நனைந்த குடைகள். செக் கேஸுக்கு வந்தவர்கள், ஹெல்மெட் கேஸுக்கு வந்தவர்கள், ஜீவனாம்சம் கேட்டு வந்தவர்கள் என்று நிற்க இடமில்லை. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே வில்பிரட் வந்தார். அகஸ்டினா அவரை விரலால் காட்டினாள். ரத்னபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருக்கு நேரே போய் நின்றாள்.

"அண்ணா, நான் எறக்கி வச்சாச்சு. பள்ளி முற்றத்துல, மூப்பன் முன்னால."

"பிள்ளையள்?" என்று கேட்டார் வில்பிரட்.

"அது நான் பாத்துக்கிடுவேன். நீங்க உள்ளத பறயுங்க."

அவர் உடம்பிலிருந்து என்னவோ இறங்கியதை அகஸ்டினா பார்த்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் ரத்தம் வந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் முதலில் தலையில் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்ற வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

நம்பரைக் கூப்பிட்டார்கள். வில்பிரட் கூண்டில் ஏறியதும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பேசத் தொடங்கினார். அம்மா, நான் அடிக்கவில்லை, வள்ளம் சரிந்து விளிம்பு தட்டியது, நான் தண்ணீரில் குதித்து இழுத்தேன் என்றார். கொடிமரம், மூப்பன், பங்கு, ரத்னபாய் கொடுத்த தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னார். தண்டு என்பது இன்ஸ்பெக்டரின் வார்த்தை என்றும் சொன்னார். ஷீனா எழுந்து நின்று, தன்னிடமிருந்த மனுவை நீட்டினாள். கோர்ட்டில் இருந்த வக்கீல்களெல்லாம் காகிதத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

ஆர்யா நடுவில் தடுக்கவில்லை. முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை அகஸ்டினா பின்வரிசையிலிருந்து கவனித்தாள். அன்றைக்கு எங்கேயோ எதுவோ சரியில்லை என்று பட்டது எது என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

மனுவை வாங்கிக்கொண்டார். இன்று கைதி இப்படிச் சொன்னார் என்று குறித்துக்கொள்கிறேன், மனுவையும் சேர்த்து மேலே அனுப்புகிறேன் என்றார். ஆனால் முன்பு எழுதியதைக் கிழிக்கவோ திருத்தவோ எனக்கு அதிகாரம் இல்லை என்றார். விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும், எது உண்மை என்று அங்கேதான் தீர்மானிப்பார்கள், அதற்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம். அன்றைக்கு வேண்டுமானால் என்னையும் சாட்சியாகக் கூப்பிடுவார்கள் என்று சொல்லி நிறுத்தினார். பிறகு அதையும் மறைக்காமல் சொன்னார். அவராக மனமுவந்து சொன்னாரா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும்.

ரிமாண்டை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். பெஞ்ச் கிளார்க் அடுத்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வில்பிரட் கூண்டுக் கம்பியை விடவில்லை. அவருக்கு இன்னும் ஒன்று புரியவில்லை.

"அப்பம் அம்மா எனக்க கிட்ட மூணு தவண கேட்டது எதுக்கு?" என்றார்.

ஆர்யாவின் கை கோப்பின் மேலேயே இருந்தது. எல்லோரும் இருக்கிற கோர்ட்டில் மலையாளத்தில் மட்டுமே பேசுகிறவர், அம்மா வீட்டுப் பேச்சில் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு தவணயாவது நீங்க இல்லேண்ணு பறயதுக்காக்கும்."

போலீஸ்காரர் வில்பிரட்டின் தோளைத் தொட்டார். அவர் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வராந்தாவில் ரத்னபாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். சொல்லியாச்சா அண்ணா என்று கேட்டாள். சொல்லியாச்சு என்றார் வில்பிரட். விட்டாச்சா என்று அவள் கேட்டபோது போலீஸ்காரர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். போலீஸ் வண்டி மழையில் திரும்பி, சப் ஜெயிலுக்குப் போகிற ரோட்டில் இறங்கியது.